அந்த ஐந்து நாள் பயிற்சியை நிறுத்தாதீர்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் இல்லப் பணியாளர்களுக்கான பயிற்சிப் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் நாங்கள் வேலை பார்க்கும் இல்லத்தின் அறிவிப்புப் பலகையில் உங்கள் சுற்றறிக்கையை ஒட்டினார்கள். இறுதிக்காலப் பராமரிப்புக்கான மூன்று நாள் நேரடி வகுப்பும், அதையடுத்து அனுபவமுள்ள ஒருவரோடு படுக்கையருகே நின்று பழகும் இரண்டு நாள் பயிற்சியும் இனி கிடையாது என்று அதில் இருந்தது. அதற்குப் பதிலாக 40 நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு 10 கேள்விகளுக்கு விடை டிக் செய்தால் சான்றிதழ் வந்துவிடும். நீங்கள் சொல்லியிருக்கும் காரணங்கள் மூன்று. பணியாளர்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போகிறார்கள். ஐந்து நாள் அவர்களை டியூட்டியிலிருந்து விடுவிக்க முடியவில்லை. இந்தப் பாடத்தில் பெரும்பகுதி பொதுப் பராமரிப்புப் பாடத்திலேயே வந்துவிடுகிறது.

நான் 16 ஆண்டுகளாக முதியோர் பராமரிப்பாளராக இருக்கிறேன். பெரும்பாலும் நைட் டியூட்டி. முதல் ஆறு ஆண்டுகள் இந்தப் பயிற்சி இல்லாமலே வேலை பார்த்தேன். பிற்பாடு பத்து ஆண்டுகள் பயிற்சியோடு பார்க்கிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் கைக்குத் தெரியும். அதனால் இந்த முடிவைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்ததிலிருந்து சொல்கிறேன். 88 வயது அம்மா ஒருவர். நாலு நாளாகக் கண் திறக்கவில்லை. "இழுத்துக்கிட்டிருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு முந்தைய டியூட்டிக்காரர் கிளம்பிவிட்டார். எனக்கு அதுவரை சொல்லித் தந்திருந்தது டயப்பர் மாற்றுவது, உடம்பு துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது. அவ்வளவுதான். அந்த ராத்திரி அவருடைய உதடு வெடித்து, நாக்கு மரப்பட்டை மாதிரி காய்ந்து கிடந்தது. பாவம், தாகமாக இருக்கும் என்று நினைத்தேன். ஸ்பூனில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டேன். உள்ளே போன மாதிரிதான் இருந்தது. இன்னொரு ஸ்பூன் விட்டேன். மூன்றாவதில் புரை ஏறிவிட்டது. இருமக்கூட அவர் உடம்பில் தெம்பு இல்லை. தோள் மட்டும் இரண்டு முறை தூக்கிப் போட்டது. அப்புறம் தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம். விடியும்வரை அது நிற்கவில்லை. ஐந்தரை மணிக்கு அடங்கினார்.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்துப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் அந்த ராத்திரி என்ன செய்தேன் என்று எனக்குப் புரிந்தது. கடைசி நாட்களில் விழுங்கும் சக்தி மெல்ல மெல்லப் போய்விடும், வாயில் விடும் தண்ணீர் இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் என்று அந்த வகுப்பில்தான் முதல்முறையாகக் கேட்டேன். உடம்பு ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டு வரும்போது பசியும் தாகமும் தானாகக் குறையும். வாய் காய்வதுதான் பெரிய தொந்தரவு. அதற்கு வழி, மென்மையான பிரஷ்ஷையோ ஸ்பாஞ்சையோ நனைத்துப் பிழிந்து உதடு, ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் மெதுவாகத் துடைத்து, உதட்டில் ஈரம் காக்கும் களிம்பைத் தடவுவது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

இதை ஒரு வீடியோவும் சொல்லும் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த விதத்தைச் சொல்கிறேன். பயிற்சியாளர் எங்களை வாயைத் திறந்தபடி, எச்சில் விழுங்காமல், வாயாலேயே ஐந்து நிமிடம் மூச்சுவிடச் சொன்னார். மூன்றாவது நிமிடத்திலேயே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் பக்கத்தில் இருந்தவர் நனைத்த ஸ்பாஞ்சால் என் உதட்டைத் துடைத்துவிட்டார். அந்த ஈரம் பட்டவுடன் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்து எங்களைச் சாய்த்துப் படுக்கவைத்து, ஒருவர் நின்றுகொண்டு மேலிருந்து ஸ்பூனால் தண்ணீர் ஊட்டினார். திடமான உடம்பு உள்ள எங்களுக்கே புரை ஏறியது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அந்த 88 வயது அம்மாவின் தோள் இரண்டு முறை தூக்கிப் போட்டதுதான் கண் முன்னால் நின்றது. அதற்குப் பிறகு இன்றுவரை நான் ஒருவருக்கும் அந்தத் தவறைச் செய்யவில்லை. திரையில் பார்த்திருந்தால் கேள்விக்குச் சரியான விடை டிக் செய்திருப்பேன். ராத்திரி மூன்று மணிக்குக் காய்ந்த உதட்டைப் பார்த்ததும் கை மறுபடியும் ஸ்பூனைத்தான் தேடியிருக்கும்.

பொதுப் பராமரிப்புப் பாடத்தில் இது அடங்கிவிடுகிறது என்ற உங்கள் வாதம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. அடங்கவில்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பல இடங்களில் இந்த இரண்டு பாடமும் நேர் எதிராக நிற்கின்றன. சாப்பிடாவிட்டால் கெஞ்சியாவது ஊட்டு என்கிறது பொதுப் பாடம். கடைசி நாட்களில் கட்டாயப்படுத்தி ஊட்டுவது ஆபத்து. மணிக்கணக்கு வைத்து பி.பி. பார்த்து எழுது என்கிறது பொதுப் பாடம். போகப்போகிறவரின் மெலிந்த கையை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பட்டை கட்டி இறுக்குவதால் அவருக்கு வலியைத் தவிர வேறு பலன் இல்லை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடச் சொல்கிறது பொதுப் பாடம். கடைசி மணி நேரங்களில் அவருக்கு எந்தப் பக்கம் இதமாக இருக்கிறது என்று பார்த்துத்தான் திருப்ப வேண்டும். திருப்புவதே வேதனை என்றால் தலையணையை மட்டும் நகர்த்தினால் போதும். பொதுப் பாடத்தை மட்டும் படித்த ஒரு நல்ல மனசுக்காரப் பெண், படித்ததை ஒழுங்காகச் செய்தாலே கடைசி வாரத்தில் ஒருவரைப் படாத பாடு படுத்திவிடுவாள். நானே அதற்குச் சாட்சி.

அடையாளங்களைப் படிப்பது அடுத்த விஷயம். மூச்சு வேகமாகி, ஆழமாகி, மெல்லக் குறைந்து, அரை நிமிடம் நின்றே போய், மறுபடி தொடங்கும். செய்ன், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த மூச்சு அது. கால் விரல் குளிர்ந்துவிடும். முழங்காலிலும் பாதத்திலும் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகப் படரும். சிறுநீர் குறைந்து நிறம் கறுத்துவிடும். தொண்டையில் கோழை சேர்ந்து கரகரவென்று சத்தம் வரும். கேட்கிறவர்களுக்கு அது பயங்கரமாக இருக்கும், ஆனால் நினைவில்லாமல் கிடப்பவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே பல நேரம் அடங்கும். குழாயை ஆழமாக விட்டு உறிஞ்சினால் தொண்டை புண்ணாகி நிலைமை மோசமாகும். இதெல்லாம் தெரிந்தவருக்கு நேரம் நெருங்குகிறது என்று புரியும். தெரியாதவருக்கு எல்லாமே 'எமர்ஜென்சி'.

அப்படிப் புரியாமல் போன ஒரு ராத்திரியையும் சொல்ல வேண்டும். 91 வயது ஐயா. ஒரு வாரமாகவே குறைந்துகொண்டு வந்தார். தெளிவாக இருந்த காலத்தில் என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார், "என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போகாதீங்க, இந்த ஜன்னல் பக்கத்துலயே இருந்துக்கறேன்" என்று. அது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. அன்று வேறொரு புதுப் பெண்ணுக்கு நைட் டியூட்டி. ஒன்றரை மணிக்கு மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்து அலறிவிட்டாள். டியூட்டி நர்ஸும் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அவரை ஸ்ட்ரெச்சரில் கட்டி, மாடியிலிருந்து இறக்கி, மருத்துவமனை வராண்டாவில் டியூப் லைட் வெளிச்சத்தில் கிடத்தினார்கள். டாக்டர் வருவதற்குள் போய்விட்டார். நெஞ்சை அழுத்தினார்களாம். அந்த வயதில் எலும்பு தாங்குமா? மறுநாள் காலையில் நான் வந்தபோது ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. தலையணையில் அவருடைய தலை அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வாரம் கழித்து வேலையை விட்டுவிட்டாள். "அக்கா, நான்தான் அவரைக் கொன்னுட்டேனோன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பணியாளர்கள் அடிக்கடி விட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன் போகிறார்கள் என்று யாரிடமாவது கேட்டீர்களா? வேலை கடினம், சம்பளம் குறைவு, எல்லாம் உண்மைதான். ஆனால் என் கண் முன்னால் போனவர்களில் பலர் ஒரு மரணத்துக்குப் பிறகு போனவர்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல், என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல், ஒரு மனிதர் போவதைத் தனியாகப் பார்த்துவிட்டு, மறுநாள் அதே கட்டிலில் புதியவருக்கு விரிப்பு மாற்றச் சொன்னால் யார்தான் இருப்பார்கள்? எங்கள் இல்லத்தில் இந்தப் பயிற்சி எடுத்த ஏழு பேரில் ஐந்து பேர் இன்னும் வேலையில் இருக்கிறோம். இதை நான் ஒரு கணக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஐந்து பேரிடமும் வந்து பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வலியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. டிமென்ஷியா என்ற மறதி நோய் முற்றிய ஐயா ஒருவர் இருந்தார். பேச்சு போய்விட்டது. குளிப்பாட்டப் போனால் அடிப்பார், நகத்தால் கீறுவார். அவருடைய ஃபைலில் 'அடிக்கும் சுபாவம்' என்று எழுதியிருந்தது. அடங்கிக் கிடப்பதற்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியில் எங்களுக்கு 'பெய்னாட்' என்ற அளவுகோலைச் சொல்லித் தந்தார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாதவரின் வலியை ஐந்து விஷயங்களை வைத்துப் பார்க்க வேண்டும்: மூச்சு எப்படி இருக்கிறது, முனகுகிறாரா, முகம் எப்படிச் சுளிகிறது, உடம்பை எப்படி வைத்திருக்கிறார், ஆறுதலாகத் தொட்டால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து இரண்டு வரை மதிப்பெண், மொத்தம் பத்து. எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் ஒரே மனிதரைப் பார்த்து ஆளுக்கொரு மதிப்பெண் போட்டோம். ஏன் நீ இரண்டு போட்டாய், நான் ஏன் பூஜ்ஜியம் போட்டேன் என்று பேசிப் பேசித்தான் கண் பழகியது.

திரும்பி வந்து அந்த ஐயாவைப் பார்த்தேன். சும்மா படுத்திருக்கும்போது ஒன்றுமில்லை. இடது தொடையைத் தூக்கும்போது மட்டும் நெற்றி சுருங்கியது, பல்லைக் கடித்தார், அப்புறம்தான் கை ஓங்கியது. நர்ஸிடம் சொன்னேன், டாக்டரிடம் போனது. பழைய இடுப்பெலும்புத் தேய்மானம். குளிப்பாட்டுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் அடிப்பது பாதியாகக் குறைந்தது, ஒரு வாரத்தில் நின்றேவிட்டது. மூன்று ஆண்டுகள் அவர் 'அடிக்கும் சுபாவம்' உள்ளவராக வலியோடு கிடந்திருக்கிறார். நார்வேயில் 18 நர்சிங் ஹோம்களில் டிமென்ஷியா உள்ள 352 பேரிடம் நடத்திய ஆய்வு 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. முறையாக வலிக்கு மருந்து கொடுத்தபோது அவர்களுடைய ஆவேசமும் அமைதியின்மையும் குறைந்ததை அது காட்டியது. பெரும்பாலோருக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால்தான். மருந்து எழுதுவது டாக்டர், கொடுப்பது நர்ஸ். ஆனால் தொடையைத் தூக்கும்போது நெற்றி சுருங்குவதைப் பார்க்கிற இடத்தில் இருப்பது நாங்கள்தான். எங்களுக்குத்தான் நீங்கள் பயிற்சியை நிறுத்துகிறீர்கள்.

மார்ஃபின் விஷயமும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து அது. அளவோடு, நோயாளியைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தால் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் நிவாரணம் தரும். டாக்டர் எழுதிய பிறகும் 'கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரோ' என்ற பயத்தில் வேளை தள்ளிப்போவதை நான் எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தைப் பேசித்தான் போக்க முடியும். கேள்வி கேட்க முடியாத வீடியோவிடம் எப்படிப் பயத்தைச் சொல்வது?

சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை, தொடங்கியபோது பராமரிப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு டாக்டரானவர் அவர். உடம்பு வலி, மன வேதனை, உறவுகளைப் பற்றிய கவலை, 'எதற்கு வாழ்ந்தேன்' என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் போகிறவரின் வலி என்று சொன்னார். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம் டாக்டர் அல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பியது. இரண்டு இடத்திலுமே நேரில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த 'எல்லாம் சேர்ந்த வலி' என்பதை நான் புரிந்துகொண்டது ஒரு பல் செட்டினால்.

புற்றுநோய் முற்றிய அம்மா ஒருவர். ஒருநாள் ராத்திரி தலை சீவிவிடும்போது, "நான் செத்துப்போயிடுவேனா?" என்று கேட்டார். பயிற்சிக்கு முன்னால் என்றால் "சே, அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா, நல்லாயிடுவீங்க" என்று வாயை அடைத்திருப்பேன். எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், நம் பயத்துக்காக. வகுப்பில் ஒருவர் நோயாளியாகவும் இன்னொருவர் பராமரிப்பாளராகவும் மாறி மாறி உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டோம். முதல் இரண்டு தடவை நான் சொன்ன பதிலெல்லாம் தப்பு. மூன்றாவது தடவைதான் பேசாமல் இருக்கக் கற்றேன். அதனால் அன்றைக்குச் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு அப்படித் தோணுதாம்மா? எதை நெனச்சா பயமா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னது: "பல் செட் இல்லாம என் முகத்தை என் பொண்ணு பாத்ததே இல்ல. அப்படிப் பாத்துடுவாளோன்னுதான்."

சாவைப் பற்றி அவருக்கு இருந்த பயம் இதுதான். வேறு யாராலும் ஊகித்திருக்க முடியாது. பராமரிப்புத் திட்டத் தாளில் எழுதிவைத்தோம். நினைவு தப்பிய பிறகு பல் செட்டை வாயில் வைத்திருப்பது ஆபத்து என்பதால் கழற்றி டப்பாவில் பத்திரமாக வைத்தோம். வெளியூரிலிருந்த மகள் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. தாடை இறுகிவிடும் முன்னால், வாயைச் சுத்தம் செய்து, பல் செட்டைப் பொருத்தி, உதட்டைச் சேர்த்துவைத்து, தாடைக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். எவ்வளவு நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதும் பயிற்சியில் சொல்லித் தந்ததுதான். மகள் வந்து பார்த்து, "அம்மா தூங்கற மாதிரியே இருக்காங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அந்த அம்மா என்னிடம் கேட்டது.

பிரிட்டனில் நடந்ததை உங்கள் குழுவில் யாராவது கவனித்தீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். 1990களின் பிற்பகுதியில் அங்கே, கடைசி நாட்களில் இருப்பவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு படிவமாக எழுதி, 'லிவர்பூல் கேர் பாத்வே' என்ற நடைமுறையை உருவாக்கினார்கள். ஹாஸ்பிஸில் கிடைக்கும் நல்ல பராமரிப்பைச் சாதாரண மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோக வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். படிவம் பரவியது, அதைப் புரிந்து பயன்படுத்தும் பயிற்சி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. பல இடங்களில் அது டிக் அடிக்கும் தாளாகிவிட்டது. தண்ணீர் கேட்ட நோயாளிக்குக்கூடத் தண்ணீர் மறுக்கப்பட்டதாகக் குடும்பங்கள் புகார் சொன்னார்கள். 2013இல் நியூபெர்கர் அம்மையார் தலைமையில் நடந்த விசாரணைக்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். படிவம் முழுக்கத் தவறு என்று அந்த விசாரணை சொல்லவில்லை, சரியாகக் கையாண்ட இடங்களில் நல்ல பராமரிப்பு கிடைத்ததையும் ஒப்புக்கொண்டது. பயிற்சியும் கனிவும் இல்லாதவர்கள் கையில் அது என்ன ஆனது என்பதுதான் குறை. இப்போது நீங்கள் எங்களுக்குத் தரப்போவது ஒரு வீடியோவும் பத்து டிக்கும். அங்கே குடும்பங்கள் பட்டதை இங்கே மறுபடி படவேண்டியதில்லை.

இன்னொன்று. ஒரு அறையில் ஒருவர் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூங்குவதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், கை பதறுகிறதா, கதவைப் படாரென்று சாத்துகிறார்களா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். மறுநாள் என்னிடம், "ராத்திரி பூரா அவ கையைப் புடிச்சுக்கிட்டு இருந்தியே, எனக்கும் இருப்பியா?" என்று ஒரு பாட்டி கேட்டார். இருப்பேன் என்று சொன்னேன். இருந்தேன். போகிறவருக்கே நாம் பேசுவது கேட்கலாம் என்பதும் இதில் உண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020இல் வெளியிட்டார்கள். கடைசி மணி நேரங்களில் எந்த அசைவும் இல்லாமல் கிடந்தவர்களில் சிலரது மூளை, ஆரோக்கியமானவர்களின் மூளை போலவே ஒலிக்கு எதிர்வினை காட்டியிருக்கிறது. அவர்களுக்கு அது புரிந்ததா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் கட்டிலுக்கு மேலே நின்று "இன்னும் எத்தனை நேரம் ஆகும்?" என்று பேசுவதை நாங்கள் நிறுத்துவதற்கு அது போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 5.68 கோடி பேருக்கு இப்படிப்பட்ட வலி தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுகிறது, அதில் கிடைப்பது ஏறக்குறைய 14 விழுக்காட்டினருக்குத்தான். பயிற்சி இல்லாததை முக்கியத் தடைகளில் ஒன்றாக அந்த நிறுவனமே சொல்கிறது. 2014 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தீர்மானம், டாக்டர்கள், நர்ஸ்களோடு பராமரிப்பாளர்களுக்கும் இந்தப் பயிற்சி தரச் சொல்கிறது. உலகம் பயிற்சியைக் கூட்டச் சொல்லும்போது நீங்கள் குறைக்கிறீர்கள்.

சரி, எனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். மூன்று நாள் நேரடி வகுப்பும் இரண்டு நாள் படுக்கையருகுப் பயிற்சியும் தொடர வேண்டும். ஐந்து நாள் ஒரேயடியாக விடுவிக்க முடியவில்லை என்பது நியாயமான சிரமம், அதை நான் மறுக்கவில்லை. வாரம் ஒரு நாள் என்று ஐந்து வாரம் நடத்துங்கள். பயிற்சியாளரை இல்லத்துக்கே அனுப்பி, டியூட்டி மாறும் நேரத்தை ஒட்டி நடத்துங்கள். அந்த வீடியோவை ஆண்டுக்கு ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்ள வைத்துக்கொள்ளலாம்.

நைட் டியூட்டிக்காரர்களை முதலில் அனுப்புங்கள். இதுவரை பயிற்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பகல் டியூட்டிக்காரர்கள். ராத்திரி ஒரு மாடிக்கு ஒருவர்தான் இருக்கிறோம். கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் கிடையாது. சமையல், துப்புரவு வேலை பார்ப்பவர்களுக்கும் அரை நாளாவது சொல்லிக் கொடுங்கள். முதியவர்கள் மனசு விட்டுப் பேசுவது பல நேரம் அறையைப் பெருக்க வருகிறவரிடம்தான்.

பயிற்சி முடித்தவர் ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருப்பதைக் கட்டாயமாக்குங்கள். சந்தேகம் வந்தால் ராத்திரியிலும் போன் எடுத்துப் பேச, வலி தணிப்புப் பராமரிப்பு தெரிந்த ஒரு நர்ஸை ஏற்பாடு செய்யுங்கள். அன்று ஒன்றரை மணிக்கு அந்தப் புதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு எண் கையில் இருந்திருந்தால் அந்த ஐயா ஜன்னல் பக்கத்திலேயே இருந்திருப்பார்.

இல்லத்தில் சேரும் ஒவ்வொருவரிடமும், தெளிவாகப் பேச முடிகிற காலத்திலேயே, கடைசி நாட்களில் என்ன வேண்டும், என்ன வேண்டாம், யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்று கேட்டு, டாக்டர் முன்னிலையில் எழுதி ஃபைலில் முதல் பக்கத்தில் வையுங்கள். இதைக் கேட்கும் விதத்தையும் பாடத்தில் சேருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி கேட்க வேண்டும். மனசு மாறும்.

பேச முடியாதவர்களின் வலியைப் பார்த்து எழுதுவதை அன்றாட வேலையாக்குங்கள், பராமரிப்பாளர் எழுதியதை நர்ஸ் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வையுங்கள். நாங்கள் சொல்வதை யாரும் கேட்காவிட்டால் பார்க்கக் கற்றும் பயனில்லை.

ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் பக்கத்தில் இருந்த பணியாளருக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச நேரம் கொடுங்கள். அதே டியூட்டியில் அதே கட்டிலை அவரையே தயார் செய்யச் சொல்லாதீர்கள்.

பாடத்திட்டத்தை இறுதி செய்யும் முன்னால் உங்கள் குழுவில் பராமரிப்பாளர்கள் இருவரையாவது, அதில் ஒருவர் நைட் டியூட்டிக்காரராக, சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் நீங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு இல்லத்தில் ஒரு ராத்திரி எங்களோடு இருங்கள். பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகலாம். நாற்காலி நான் போட்டுவைக்கிறேன்.

உங்கள் பதிலை 30 நாட்களுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அதை எங்கள் அறிவிப்புப் பலகையில், உங்கள் சுற்றறிக்கைக்குப் பக்கத்திலேயே ஒட்டுவோம்.

இப்படிக்கு,
ஒரு முதியோர் பராமரிப்பாளர், நைட் டியூட்டி